அம்மா கொண்டுவந்த கையுறைகள்

கை எக்ஸிமா வந்து யாரும் செத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனாலோ என்னவோ, அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதுவதுமில்லை. பதினாறு வயதில் பேனா பிடிக்க முடியாமல், தலை சீவ முடியாமல், சோறு பிசைய முடியாமல் போன ஒருத்தி எழுதினால், எங்கேயோ கையை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்திக்கு உதவும் என்று தோன்றியது. பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்தவள் என்பதால் எழுத வரும் என்கிற தைரியமும் இருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு அந்த நோயைத் தாண்டிய விதத்தில் எனக்குப் பெருமை. அதை அடக்கிக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

நாங்கள் மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் இருக்கிறோம். அப்பா லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் அவருக்கு ஜொகூர் சாலையிலேயே கழியும். அம்மா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போட்டுக்கொள்கிற மெல்லிய கையுறைகள்தான். அண்ணன் தினேஷ் பள்ளியை முடித்ததும் ஒரு சீன முதலாளியின் டயர் கடையில் சேர்ந்துவிட்டான். தவுக்கே என்றுதான் அவரைச் சொல்வோம். நான் லோஷினி. அப்போது நான்காம் படிவம். பள்ளி வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள் நான்தான். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடிக்க வேண்டும், எறிய வேண்டும், கம்பத்து வளையத்துக்குள் போட வேண்டும். ஆட்டம் முழுக்க விரல்களில்தான்.

அம்மாவுக்குத் தன் வேலையில் கர்வம் அதிகம். டிவியில் எந்த ஆஸ்பத்திரியைக் காட்டினாலும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாத்தியா, அந்த டாக்டர் கையில இருக்குறது நம்ம கிளவ்ஸா இருக்கும்லா. எங்கம்மா பால் மரம் வெட்டுனாங்க, நான் அந்தப் பாலுல செஞ்சத பெட்டியில அடுக்குறேன். ரெண்டு தலமொறையா பால் மரந்தான் நமக்குச் சோறு போடுது" என்பார். பால் மரம் என்று அவர் சொல்வது ரப்பர் மரத்தை.

எனக்கு வந்தது இப்படித்தான். விரல்களின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். தோலுக்கு அடியில் ஜவ்வரிசியைப் பதித்துவைத்த மாதிரி இருக்கும். அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. பாடம் நடக்கும்போது மேசை விளிம்பில் விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். சில நாளில் கொப்புளம் வற்றித் தோல் உரியும். உரிந்த இடம் காய்ந்து தடித்து வெடிக்கும். பேனாவை அழுத்தினால் வெடிப்பு திறந்து, நோட்டுப் புத்தகத்தில் ரத்தப் பொட்டு விழும்.

பள்ளி விட்டு வந்ததும் பாத்திரம் கழுவுவது என் வேலை. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சோப்புதான் ஒனக்கு ஆகல. இனிமே வெறுங்கையில தண்ணி தொடாத. நம்மகிட்ட இல்லாத கிளவ்ஸா?"

மறுநாளே ஒரு பெட்டி வந்தது. தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். பாத்திரம் கழுவும்போது போட்டேன், துணி அலசும்போது போட்டேன். கை மோசமானது. தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று நினைத்து இன்னும் கவனமாகப் போட்டேன். அம்மா கிரீமைத் தடவி, மேலே கையுறையை மாட்டி, தூங்கச் சொன்னார். காலையில் கழற்றினால் விரல்கள் வெந்த மாதிரி சிவந்திருக்கும். வெள்ளைக் கையுறை மரப்பாலில் செய்தது. அது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நீலக் கையுறைக்கு மாற்றினார். அது செயற்கை ரப்பர், மரப்பால் கிடையாது. அப்படியும் குறையவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் பூஞ்சைக் காளான் என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். அதைத் தடவித் தடவி ஒரு பள்ளித் தவணையே போய்விட்டது.

அரிப்பையும் வலியையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பார்க்கிற பார்வை அப்படியில்லை. கேண்டீனில் காசு கொடுத்தால், மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். அணியில் என் உயிர்த் தோழி நிஷா. சிலிபினில் இருந்து வருவாள். மைதானத்தின் நடுவிலிருந்து அவள் எறிந்தால் நான் எங்கே நிற்பேன் என்று பார்க்கவே வேண்டாம், பந்து என் கைக்கு வந்துவிடும். ஒரு நாள் பயிற்சியில் நான் எறிந்த பந்தை அவள் பிடிக்கவில்லை. தரையில் விழ விட்டு, பிறகு காலால் நிறுத்தினாள்.

"ஏன்லா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எங்கம்மா திட்டுவாங்க லோஷி. அந்தப் புண்ணு ஒட்டிக்குமாம். தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அன்று சாயங்காலம் பயிற்சி ஆசிரியை சிக்கு ரோஸ் என்னைத் தனியே அழைத்தார். ஆசிரியர்களை எங்கள் பள்ளியில் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பெற்றோர் தொலைபேசியில் பேசியதாகவும், கை ஆறும்வரை நான் ஓய்வெடுத்தால் நல்லது என்றும் மலாயில் மென்மையாகச் சொன்னார். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அழுதேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வலது கை பன்போல வீங்கியது. வெடிப்புகளில் மஞ்சளாக நீர் வடிந்து காய்ந்தது. அம்மா ஷிப்டில் இருந்தார். அண்ணன் வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் என் கையைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. யாரோ பேனாவால் கிழித்த மாதிரி. அக்குளில் ஒரு கட்டி.

"இது கிளினிக் வேல இல்லடி. கெளம்பு, ஈப்போ போலாம்."

"அம்மா வரட்டும்ணே."

"அம்மாவுக்கு நான் போன் போடுறேன். நீ செருப்ப மாட்டு."

தவுக்கேயின் வேனை வாங்கிக்கொண்டு அவன் ஓட்டினான். வழியெல்லாம் கொய்யாக் கடை, பழைய ஈயச் சுரங்கக் குட்டை, சிமெண்டு லாரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். பயந்தால் அவன் அப்படித்தான் வாய் ஓயாமல் பேசுவான்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காத்திருந்த கூட்டத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவருக்குத் தலையில் கட்டு, ஒருவருக்கு மூச்சுத் திணறல். நானோ கை அரிக்கிறது என்று வந்திருக்கிறேன். ஆனால் இளம் டாக்டர் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய், நிணநீர்க் குழாய் வழியே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, ரத்தத்தில் கலந்தால் ஆபத்து, வார்டில் சேர்க்க வேண்டும் என்றார். புறங்கையில் ஊசி குத்த இடமில்லை. இடது முழங்கை மடிப்பில் குத்தி, அதன் வழியாக மருந்து ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள், புண்ணிலிருந்து பஞ்சில் நீர் எடுத்தார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பதற்காம்.

அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார். தலையில் வலைத்தொப்பிகூடக் கழற்றவில்லை. கட்டிலருகே நின்று என் காலைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடிக்க முடியாதே.

வார்டில் காலையும் மாலையும் ஊதாத் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று சின்னப் பளிங்குத் துணுக்குகளைப் போட்டால் திராட்சை ரசம்போல் ஆகிவிடும். கிருமியைக் கொல்லும், நீர் வடிவதை நிறுத்தும். கையை அதில் ஊறவைத்து எடுத்து, களிம்பு பூசி, ஈரத் துணிச் சுற்று, அதன்மேல் காய்ந்த துணிச் சுற்று. ஈரம் களிம்பைத் தோலுக்குள் அனுப்புமாம். என் நகமெல்லாம் பழுப்பேறி, வெற்றிலை போடுகிற கிழவியின் பல் மாதிரி ஆகிவிட்டது. கட்டு அவிழ்த்த நேரத்தில் போனைத் திறக்க விரலை வைத்தேன். திறக்கவில்லை. எல்லா விரலையும் வைத்துப் பார்த்தேன். ரேகைகள் தேய்ந்து போயிருந்தன. அந்த ஆஸ்பத்திரி நாட்களில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது அதுதான். என் போனுக்கே என்னைத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கோப்பெங்கைச் சேர்ந்த ஒரு சீன ஆண்டி, காலில் சர்க்கரைப் புண்ணோடு இருந்தார். தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தமிழ் சரளமாக வந்தது. நான் போனைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவதைக் கவனித்துவிட்டு, "ஏன் அழுவுற? வெரலு இருக்கு இல்ல? எனக்கு ஒண்ணு வெட்டிட்டாங்க. ரேக திரும்ப மொளைக்கும்லா, வெரலு மொளைக்காது" என்றார். அதட்டல்தான். ஆனால் எனக்குத் தைரியம் வந்தது.

தலை சீவாமல் என் முடி சிக்குப் பிடித்துக் கூடாகிவிட்டது. அம்மா ஷிப்டுக்கு முன்னால் காலையில் வந்து போவார், மதியப் பார்வை நேரத்துக்கு அண்ணன்தான் வருவான். ஒரு நாள் வந்தபோது சீப்பும் எண்ணெய்ப் புட்டியும் கொண்டுவந்தான். நகக்கண்ணில் இருக்கும் டயர்க் கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விரல்களே சிவந்திருந்தன.

"திரும்பி உக்காரு."

"நீயா? வேணாம்ணே, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்லா. வீடியோ பாத்துப் பழகிட்டேன். கடையில கயித்துல போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் வந்துச்சு."

"என் தல டயர் இல்ல!"

"ஆடாத. டயரு இவ்ளோ பேசாது."

வார்டு முழுக்கச் சிரித்தது. எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸ்ஸி என்று சொல்வோம். ஒரு மலாய் மிஸ்ஸி மருந்து வண்டியை நிறுத்திவிட்டு வந்து, மூன்று பிரிவையும் சமமாக எடுக்க அவனுக்குக் காட்டிக்கொடுத்தார். பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வந்தது. ஆனால் இறுக்கமாக இருந்தது. இரண்டு நாள் அவிழவில்லை. அவன் போனபிறகு சீன ஆண்டி, "இந்த மாதிரி அண்ணே யாருக்குக் கெடைக்கும்" என்றார். எனக்குக் கட்டில் கொள்ளாத பெருமை. நான் அதை அவனிடம் சொன்னதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, தோல் சிகிச்சைப் பிரிவிலிருந்து மூத்த டாக்டர் வந்தார். யாழ்ப்பாணக் குடும்பம். பேச்சிலேயே தெரிந்தது.

"பிள்ளை, எங்க, கையைக் காட்டும் பாப்பம். சின்ன வயசில இழுப்பு இருந்ததோ?"

"இருந்துச்சு டாக்டர். முழங்கை மடிப்புலயும் சொறி வரும்" என்றார் அம்மா.

டாக்டர் விளக்கினார். சிலருக்குப் பிறவியிலேயே தோலின் மேல்பகுதி பலமில்லாமல் இருக்கும். சோப்பும் வியர்வையும் அடிக்கடி படும் தண்ணீரும் சுலபமாக உள்ளே இறங்கித் தோலைப் புண்ணாக்கும். அதுதான் எக்ஸிமா. பதின்ம வயதில் கையில் இப்படி வருவது அபூர்வம் இல்லை. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் வெளியே தெரிவதில்லை.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "இது மத்தவங்களுக்கு ஒட்டுமா டாக்டர்?"

"ஒருத்தருக்கும் ஒட்டாது. இது தொத்து வருத்தம் இல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆர் சொன்னது ஒட்டும் எண்டு?" என்றார்.

அணியில் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அம்மாவுக்கு அணி விஷயம் தெரிந்தது.

"ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்றார் டாக்டர். "மணிக்கட்டில பாரும், வளையல் மாதிரி ஒரு கோடு போட்டு நிக்குது. கையில எதையோ போடுறீர். அது ஒத்துக்கொள்ளேல்லை. சோதிச்சுத்தான் பாக்கோணும்."

அந்தச் சோதனைக்குப் பேட்ச் டெஸ்ட் என்று பெயர். புண் ஆறிய பிறகுதான் செய்ய முடியும் என்பதால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரி, பில் எங்களைப் பயமுறுத்தவில்லை. நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. மாவட்ட அணிக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். நான் கட்டிலில் இருந்த நாளில் அது நடந்துவிட்டது. நிஷாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள், அழும் முகங்களோடு. சந்தோஷம் என்று பதில் போட்டேன். பாதி உண்மை.

சோதனைக்கு வரும்போது கையில் படுகிற சாமான்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா பாத்திரச் சோப்பு, கிரீம், இரண்டு நிறக் கையுறைகள் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டார். அண்ணன் தவுக்கேயிடம் விடுப்பு கேட்டுவிட்டு, கக்கத்தில் என் பழைய வலைப்பந்தை இடுக்கிக்கொண்டு வந்தான்.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, இதை நான் எப்படி முதுகில ஒட்டுறது?"

"கொஞ்சம் சீவித் தரவா டாக்டர்? டயர் கடதான் வேல, மெல்லிசா சீவுவேன்."

நிஜமாகவே சீவிக் கொடுத்தான். அந்தத் துணுக்கையும், கையுறைத் துண்டுகளையும், பலவிதமான ரசாயனங்கள் வைத்த சின்னச் சின்ன வில்லைகளையும் என் முதுகில் வரிசையாக ஒட்டி, பேனாவால் அடையாளம் போட்டார்கள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, சொறியக் கூடாது. ஈப்போ வெயிலில் வியர்க்காமல் இருக்க வேண்டுமாம்! மின்விசிறிக்குக் கீழே குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஜொகூரிலிருந்து வந்திருந்த அப்பா, அரிக்குது அரிக்குது என்று நான் கத்தும்போதெல்லாம் மண்டையோடுகளின் கதை, பேய்க் கதை என்று ஏதாவது சொல்லித் திசைதிருப்பினார். அப்பாவுக்கு அத்தனை கதை தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒட்டியதை எடுத்து ஒரு முறை பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள். சில ஒவ்வாமைகள் மெதுவாகத்தான் முகம் காட்டுமாம். இரண்டாவது முறை டாக்டர் என் முதுகைப் போனில் படம் பிடித்துக் காட்டினார். முதுகு முழுக்க அமைதியாக இருந்தது, ஒரு மூலையைத் தவிர. அங்கே வெள்ளைக் கையுறை, நீலக் கையுறை, பந்துத் துணுக்கு, இரண்டு ரசாயன வில்லைகள் இருந்த இடங்கள் மட்டும் சிவந்து, தடித்து, கொப்புளித்திருந்தன.

"இதுதான்" என்றார் டாக்டர். "கையுறை."

அம்மா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் டாக்டர் போடச் சொன்னேன். ராத்திரியெல்லாம் போட்டுவிட்டேன். அந்த பேக்டரியிலதான் நான் வேல செய்யுறேன்." குரல் உடையவில்லை. ஆனால் அம்மா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "பால் மரம் எங்களுக்கு எந்தக் கெடுதியும் செஞ்சதில்லயே."

டாக்டர் நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, இது பால் மரத்தின்ர குற்றம் இல்லை. ரப்பர் கெட்டிப்படவும், இழுத்தா திரும்ப வரவும், அதில சில மருந்து சேர்க்கிறவை. வெள்ளையிலயும் இருக்கு, நீலத்திலயும் இருக்கு, பந்திலயும் இருக்கு. நூறு பேர் போட்டா ஒண்டும் செய்யாது. இந்தப் பிள்ளையின்ர தோலுக்கு அது பிடிக்கேல்லை. கையுறை போடச் சொன்னது சரியான யோசனைதான். தவறான வகை, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில வினைல் எண்டு ஒரு வகை இருக்கு, அதில இந்த மருந்து இல்லை. உள்ளுக்குப் பருத்தியில ஒண்டு, மேல அது."

அம்மா பையின் பிடியைத் தளர்த்தினார். "அப்ப பால் மேல குத்தம் இல்ல?"

"இல்லை."

"சரிலா" என்றார் அம்மா. டாக்டரிடம் போய், சிநேகிதர்களிடம் பேசுவதுபோல் 'லா' போட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தவுக்கேயின் வேனில் திரும்பும்போது அம்மா சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தாசேக் தாண்டியதும் மெல்லக் கேட்டார். "நான் அந்த வேலைய விட்டுடவா லோஷி?"

எனக்குக் கோபம் வந்தது. "எதுக்கும்மா? வார்டுல மிஸ்ஸிங்க எல்லாரும் அதத்தான் போட்டிருந்தாங்க. அது இல்லன்னா என் புண்ண யாரு தொட்டுக் கழுவியிருப்பா? என் ஒருத்திக்கு ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் நிறுத்திடுவியா?"

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் வழக்கம்போல் தொழிற்சாலை வேன் வந்ததும் அம்மா வலைத்தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் மாறியது. பாத்திரம் கழுவும் வேலை அண்ணனுக்குப் போனது. அப்பா வந்தால் அப்பாவுக்கு. கை கழுவ நுரை வராத ஒரு திரவம். கழுவித் துடைத்த ஈரத்தோடு கெட்டியான களிம்பு. சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், பேருந்தில், வகுப்பில், எங்கே போனாலும் பையில் அந்த டப்பா. புண் கிளம்பினால் மட்டும் ஸ்டீராய்டு களிம்பு, டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாட்கள். அம்மா அப்பாவின் வெள்ளை வேட்டியில் ஒன்றைக் கத்தரித்து எனக்குப் பருத்திக் கையுறை தைத்தார். நாலு விரல் ஒழுங்காக வந்தது. கட்டைவிரல் மட்டும் வாத்துக் கால் மாதிரி அகன்றிருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிப் பேருந்தில் ஏறினேன். இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சிக்கு ரோஸிடம் போய், அணியிடம் நான் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் கொடுத்த சான்றிதழைத் தானே படித்துக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன். மைதானத்தில் வட்டமாக நிற்கவைத்தார். நான் அம்மா தைத்த கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினேன். அப்போது முழுதாக ஆறியிருக்கவில்லை. அங்கங்கே தடிப்பு, நகத்தில் பழுப்பு.

மலாயில் பேசினேன். இது சொறி இல்லை, படை இல்லை, யாருக்கும் ஒட்டாது. எனக்கு ரப்பரில் சேர்க்கிற மருந்து ஆகாது. வலிக்கும், அரிக்கும், அது என் பிரச்சினை. பந்தை என்னிடமிருந்து பிடிப்பதில் உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கேட்க வேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள், என் முதுகுக்குப் பின்னால் கேட்காதீர்கள். பேசி முடித்தும் நீட்டிய கைகளை இறக்கவில்லை.

நிஷா வட்டத்தை விட்டு வெளியே வந்து, என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சாரிலா மச்சி" என்று தமிழில் சொன்னாள். விடவேயில்லை. கடைசியில் நான்தான், "போதும், வேர்க்குது, அரிக்கும்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

பந்துக்கு வழி கண்டவர் சிக்கு ரோஸ். வலைப்பந்து தோலில் செய்ததாகவும் இருக்கலாம், விதி அனுமதிக்கிறது என்று அவர் சொன்னார். டாக்டரும் பதப்படுத்திய தோல் எனக்கு ஒத்துக்கொள்ளும், அதைப் பதப்படுத்தும் மருந்து வைத்த இடம் சோதனையில் சிவக்கவில்லை என்றார். அண்ணன் எங்கெங்கோ விசாரித்து ஒரு தோல் பந்து வாங்கி வந்தான். மணிக்கணக்கான பயிற்சிக்கு அது. ஆட்டத்தில் மட்டும் எல்லாரும் ஆடுகிற ரப்பர் பந்து. கொஞ்ச நேரம் பட்டால் பரவாயில்லை, முடிந்ததும் கழுவிக் களிம்பு போடு என்று அனுமதி கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஈப்போவில் பள்ளிகளுக்கிடையே ஓர் ஆட்டம். மாவட்ட அணி என்ற பெருமையெல்லாம் அதில் இல்லை. ஆனால் நான் திரும்பவும் கோல் கம்பத்தின் கீழ் நின்றேன். அம்மா முதல் முறையாக என் ஆட்டம் பார்க்க வந்தார், ஷிப்ட் முடிந்து சீருடையோடு. நிஷாவின் அம்மாவும் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில். அவர்கள் பேசியதை அண்ணன் பிறகு வரிவிடாமல் எனக்குச் சொன்னான்.

நிஷாவின் அம்மா, யாரென்று தெரியாமல், என்னைக் காட்டிக் கேட்டிருக்கிறார். "அந்தக் கையில புண்ணு வந்த புள்ளதானே அது? இப்ப நல்லாயிடுச்சா?"

"அது என் மக" என்றிருக்கிறார் அம்மா. "லோஷினி. அவ கைய நான் தினமும் புடிச்சு மருந்து போட்டிருக்கேன். பாருங்க, என் கை." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டியிருக்கிறார். கோபமாக இல்லையாம். நகைக்கடையில் வளையல் காட்டுகிற மாதிரி காட்டினாராம்.

நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம், ஒரே ஒரு கோலில். ஆனால் எங்கள் அணியின் கோல்களில் பெரும்பாலானவை என் கையிலிருந்து போனவை. வேர்த்து ஊற்ற, நானும் நிஷாவும் பெஞ்சுக்கு வந்தோம். நிஷாவின் அம்மா பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். எல்லாருக்கும் முழுப் பழமாகக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு பழத்தை உரித்து, நாரெடுத்து, சுளை சுளையாகப் பிரித்து வைத்திருந்தார்.

"சாறு பட்டா வெடிப்புல எரியும்னு ஒங்கம்மா சொன்னாங்க" என்றார். என் கண்ணைப் பார்க்கத் தயங்கியது தெரிந்தது. ஒரு சுளையை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தார். "வாயத் தொற கண்ணு. ஆண்டி ஊட்டுறேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையிலயே குடுங்க ஆண்டி" என்று உள்ளங்கையை நீட்டினேன்.

அவர் ஒரு கணம் என் கையைப் பார்த்தார். பிறகு சுளையை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் விரல்களால் மூடினார். சுளை நசுங்கிச் சாறு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுவரை இறங்கியது.

எரியவில்லை.